கொடிக்கயிறு

பேருந்தில் ஏற்ற முடியாது என்று
திருப்பாலையிலிருந்து ஷேர் ஆட்டோ.
நான் அரை சீட்டில், மாதிரி ஒன்றரை சீட்டில்.
"என்னம்மா இது, புறாக்கூண்டா?" என்றார் ஓட்டுநர்.
"தங்குமிடம்ணே. பெரியாஸ்பத்திரியில
துணைக்கு வர்றவங்க படுக்க."
"எப்பக் கட்டுறாங்க?"
"கட்டல. பரீட்சைக்குச் செஞ்சது."
அதற்குமேல் கேட்கவில்லை.
வேகத்தடை வந்தபோது மட்டும்
முட்டைக்கூடை ஏற்றியவர்போல்
மெல்ல ஏறி இறங்கினார்.

தை மாதம் தொடங்கினோம், நானும் ஜமீலாவும்.
இரவு பதினொன்றரைக்கு, வார்டு வாசலில்,
டேப்பின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு
தூங்குகிறவர்களை அளந்தோம்.
ஓர் உடம்புக்கு ஆறடிக்கு இரண்டடி என்றது புத்தகம்.
யாரும் அப்படிப் படுத்திருக்கவில்லை.
தூக்குவாளியைச் சுற்றி வளைந்து,
எக்ஸ்ரே உறையை நெஞ்சில் அணைத்து,
பெயர் கூப்பிட்டால் எழுந்துவிடத்
தரையில் ஒரு கையை ஊன்றியபடி
எழுபத்து மூன்று பேர்.
எண்ணை எழுதி அடிக்கோடிட்டேன்.
ஓர் அம்மா கண் திறந்து
"என்னத்தா, சட்டை தைக்கவா அளவெடுக்குற?" என்றுவிட்டுத்
திரும்பிப் படுத்தாள்.

முதல் வரைவைப் பார்த்து லிடியா மேடம்
"இது லாட்ஜ்" என்றார்.
இரண்டாவது, குடோன்.
மூன்றாவதைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.
அன்றைக்குத்தான் அழுதேன்,
ஸ்டுடியோவுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில்.
ஜமீலா வந்து நின்று, வடையில் பாதி கொடுத்து,
"படி தப்பான பக்கம் இருக்குடி, அவ்வளவுதான்" என்றாள்.
அவ்வளவுதான் இருந்தது.
படியைத் திருப்ப ஒன்பது நாள்.

சித்திரை வெயிலில் பசை
தடவும் முன்பே காய்ந்தது.
பிளேடு கிழித்த விரலோடு
சிம்மக்கல் பிரிண்ட் கடையில் விடிகாலை மூன்று மணி.
இயந்திரம் தாளின் ஓரத்தை விழுங்கி
வடக்கை வெட்டிவிட்டது.
பேனாவால் ஓர் அம்பு போட்டேன்.
பதினாறு வாரத்தில் நடுங்காமல் நான் வரைந்த கோடு
அது ஒன்றுதான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்றார்.
சொன்னேன்.
கார் நிறுத்துமிடம் போதாது என்றார்.
உசிலம்பட்டி கடைசி பஸ்ஸில் வருகிறவர்களுக்கா என்று
தொண்டைவரை வந்ததை விழுங்கி
"சரி சார்" என்றேன்.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
ஜமீலா விசிலடித்தாள்.
பதினோரு நிமிடம். முடிந்தது.
சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன்,
பசிதான் வந்தது.

கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ நின்றது.
ஓட்டுநர் எட்டிப் பார்த்து
"இதுக்குத்தானே?" என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கை நீட்டினார்.
கை போன திசையில் பார்த்தேன்.
சுவர்க் கம்பி முழுக்க ஈரத்துணி.
ஊதாச் சேலை ஒன்று, கைலிகள், ஒரு குழந்தையின் பாவாடை,
காற்றில் கீழே விழாதிருக்க மேலே வைத்த செங்கல்.
நாலு மாதமாக அந்தக் கம்பியைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.
குளிக்க இடம் வைத்திருக்கிறேன்,
துவைக்கக் கல் வைத்திருக்கிறேன்,
தண்ணீர் வடியச் சாய்வுகூட, நூற்றுக்கு ஒன்று.
காயப்போட
எங்கும் இல்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
பச்சை விழுந்தது.

வீட்டில், பீரோ மேல் வைக்குமுன்
மாதிரியைத் தரையில் இறக்கினேன்.
வரைபடச் சுருளைக் கட்டிய நூலைப் பிரித்து
மொட்டை மாடியில் குறுக்கே இழுத்தேன்.
சேலை ஐந்தரை மீட்டர்.
ஒன்றுக்கு நூறில், ஐந்தரை சென்டிமீட்டர்.
எழுபத்து மூன்று பேருக்கு மாடி போதாது.
இரண்டாக மடித்துப் போட்டால் போதும்,
ஆனால் உள்மடிப்பு காயாது.
நூல் வேறு நடுவில் தொய்கிறது.

"அதான் முடிஞ்சிருச்சுல்ல, சாப்பிட வா" என்கிறான் தம்பி.
போகிறேன்.
மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று மட்டும்
பார்த்துவிட்டு.